காற்று சுமந்து வரும் ஈரம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் வீடு வாங்கப் போகும் நம்மவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறார்கள். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். அங்கே ஏராளமான வீடுகளின் தரை மண்ணைத் தொடுவதில்லை. சுற்றிலும் குட்டைச் சுவர், அதன்மேல் மர உத்திரங்கள், அவற்றின்மேல் பலகைத் தரை. மண்ணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அடி உயரத்தில் ஓர் இருட்டு இடம். தவழ்ந்துதான் உள்ளே போகமுடியும். இதைத்தான் கிரால் ஸ்பேஸ் என்கிறார்கள். தண்ணீர்க் குழாய், ஒயர், ஏசி காற்று போகும் குழல் எல்லாம் இதற்குள்தான் ஓடுகின்றன.

கண்ணில் படாத இடம் என்பதால் கோளாறு முற்றிய பிறகே வெளியே தெரிகிறது. வீட்டில் மக்கல் வாடை வரும். மரத்தரை மேடும் பள்ளமுமாக நெளியும். நடக்கையில் கால் சற்று உள்வாங்கும். அதற்குள் உத்திரத்தில் பூஞ்சை ஏறியிருக்கும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை. 28, 30 என்று ஏறி அப்படியே நின்றால் மரம் உளுத்துவிடும். கீழே இருப்பது கீழேயே கிடப்பதுமில்லை. வீட்டுக்குள் சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கம் கசிய, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று இடுக்குகள் வழியே ஏறிவருகிறது. கிரால் ஸ்பேஸின் காற்றில் ஒரு பங்கைக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். இதை வெறும் கட்டடப் பராமரிப்பு என்று ஒதுக்கிவிட முடியாதது அதனால்தான்.

ஈரமான இடம் என்றால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? காற்றோட்டம் வேண்டும். அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி திறப்பு என்ற கணக்கு 1940களிலிருந்தே அவர்களுடைய கட்டட நெறிகளில் இருக்கிறது. அதன்படி குட்டைச் சுவரில் வரிசையாகக் கம்பிவலை போட்ட துவாரங்கள் வைத்தார்கள். வறண்ட ஊரில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. தென்கிழக்கு மாநிலங்களின் கோடையில்தான் நிலைமை தலைகீழாகிறது.

ஜூலை மாதப் பகலில் வெளியே 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈரப்பதம் 65 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று துவாரம் வழியே உள்ளே போகிறது. அடியில் மண்ணின் குளுமை, மேலே ஏசி ஓடும் வீடு. காற்று 24 டிகிரிக்கு இறங்குகிறது. கூடுதலாக ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமலே அதன் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஏசிக் குழல் அதைவிடவும் சில்லென்று இருப்பதால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பைப்போல அதன் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டுகிறது. உலர்த்துவதற்கென்று வைத்த துவாரம் நாள் முழுக்க ஈரத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இதை நேரில் அளந்து காட்டிய இடம் வட கரோலினாவின் பிரின்ஸ்வில். டார் ஆற்றங்கரையில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1865இல் குடியேறிய ஊர். 1885இல் தனி நகராகப் பதிவானது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரே நிறுவிப் பதிவுசெய்த முதல் நகரம் இதுதான் என்பார்கள். டர்னர் பிரின்ஸ் என்ற தச்சரின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கிறார்கள். 1999 செப்டம்பரில் ஃப்ளாய்ட் புயல் வெள்ளம் ஊரையே மூழ்கடித்தது.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில் ராலே நகரின் அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற லாபநோக்கற்ற நிறுவனம் அங்கே 12 வீடுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சில வீடுகளில் வழக்கமான துவாரங்கள். மற்றவற்றில் துவாரங்களை அடைத்து, மண்ணையும் சுவரையும் பாலித்தீனால் மூடி, வீட்டின் ஏசி காற்றில் சிறிதளவு உள்ளே விட்டார்கள். துவாரம் வைத்த வீடுகளின் அடியில் கோடை முழுக்க ஈரம் மிகுந்தே இருந்தது. மூடிய வீடுகளில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 60 சதவீதத்துக்குள் நின்றது. குளிரூட்டவும் சூடாக்கவும் ஆகும் செலவு சுமார் 15 சதவீதமோ அதற்கு மேலுமோ குறைந்தது. வெள்ளத்தில் எல்லாம் இழந்து மீண்டும் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு மாதாமாதம் பில்லில் மிஞ்சும் அந்தப் பணம் சின்ன விஷயமில்லை. வட கரோலினாவின் வீட்டுக் கட்டட விதிகளும் பிறகு மூடிய கிரால் ஸ்பேஸுக்கு இடம் கொடுத்தன.

உடனே ஆளைக் கூப்பிட்டு மூடச் சொல்லிவிடாதீர்கள். முதல் வேலை கூரையில் இருக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர் வழியும். கூரை விளிம்பின் தகரக் கால்வாயில் இலை அடைத்திருந்தால் அத்தனையும் சுவரோரத்திலேயே விழும். கால்வாயைச் சுத்தம் செய்து, இறங்கும் குழாயை நீட்டித் தண்ணீரைத் தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றி முதல் பத்தடிக்குள் மண் ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். பூச்செடிக்கென்று சுவரோரம் மண்ணைக் குவித்து, வாட்டத்தை வீட்டுப் பக்கமே திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. துணி உலர்த்தும் மெஷினின் காற்றுக் குழலும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வீட்டுக்கு வெளியேதான் போய் முடிய வேண்டும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பூஞ்சைக்கு மருந்து மட்டும் அடித்துப் பணம் வாங்கிப் போவதை நான் வேலையாகவே மதிக்கமாட்டேன்.

அதன் பிறகு பாலித்தீன். 0.15 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன், மண் ஒரு கையகலம்கூடத் தெரியாதபடி விரிப்பு, ஒட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறி, அதன்மேல் டேப். சுவரில் ஒட்டும்போது உச்சியில் மூன்று அங்குலம் விட்டுவைப்பது வழக்கம், கரையான் ஏறுகிறதா என்று பார்க்க. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் டீஹியுமிடிஃபையரோ கொஞ்சம் ஏசி காற்றோ வேண்டும். சில நூறு ரூபாய் பெறுமான ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, கோடையில் 60ஐத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். அங்கே எரிவாயு ஹீட்டர் இருந்தால், அது எரியக் காற்று எங்கிருந்து எடுக்கிறது என்று விவரமறிந்தவர் பார்க்காமல் துவாரத்தை அடைக்கவே கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆற்றங்கரை வெள்ளத்துக்கு இந்த ஏற்பாடு பதிலில்லை. 2016இல் மேத்யூ புயலின்போது பிரின்ஸ்வில் மறுபடியும் மூழ்கியது. வெள்ள அபாயப் பகுதியில் தண்ணீர் உள்ளே வந்து வெளியேறத் திறப்புகள் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும் தண்ணீர் சுவரைச் சாய்த்துவிடும். அங்கே சாதாரண நாளில் மூடியிருந்து, வெள்ளத்தின் அழுத்தத்தில் தானாகத் திறக்கும் கதவு பொருத்துகிறார்கள். வாங்கப்போகும் வீடு அப்படிப்பட்ட பகுதியில் இருக்கிறதா என்று வெள்ள வரைபடத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.