திருநீறு காட்டிய நிறம்

1981-ல் திருவான்மியூர் கடற்கரையில் எடுத்த எங்கள் குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா எடுத்தது. நெற்றி நிறையத் திருநீறோடு தாத்தா, பச்சைச் சேலையில் பாட்டி, பின்னால் கடல். ஆல்பம் பீரோவை விட்டு வெளியே வந்ததே குறைவு. வெயில் பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் செம்மண்ணைக் கரைத்து ஊற்றினாற்போலப் படம் முழுக்கச் சிவந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து பெரிதாக்கி வாங்கினோம். சிவப்பு போயிருந்தது. ஆனால் மாநிறமான பாட்டி சந்தன வெளுப்பில், முகத்தில் ஒரு கோடு இல்லாமல் நின்றாள். "இது எங்கம்மா இல்லடா" என்று அம்மா படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதன்பிறகுதான் படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் 'கர்வ்ஸ்' என்கிற வளைகோட்டை நானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். ஃபோட்டோஷாப்பில் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பில் இருக்கிறது, கைபேசிச் செயலிகள் பலவற்றிலும் இருக்கிறது.

பார்க்க ஒரு சதுரம், அதன் குறுக்கே ஒரு சாய்கோடு, அவ்வளவுதான். சதுரத்தின் அடிப்பக்கம், இடமிருந்து வலமாக, படத்தில் இப்போது இருக்கும் வெளிச்சம்: 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. பக்கவாட்டில், கீழிருந்து மேலாக, நாம் கேட்கும் வெளிச்சம். கோடு நேராக இருக்கும்வரை உள்ளே போனதே வெளியே வரும். நடுவில் பிடித்து மேலே தூக்கினால் இடைப்பட்ட வெளிச்சங்கள் கூடும். கறுப்பும் வெள்ளையும் தம் இடத்திலேயே நிற்கும்.

கோட்டின் உயரத்தைவிட அதன் சரிவைத்தான் கவனிக்க வேண்டும். சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில், அருகருகே இருந்த இரண்டு சாயல்கள் விலகி நிற்கும். கான்ட்ராஸ்ட் என்பது அதுதான். கோடு படுத்த இடத்தில் சாயல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். மூலைக்கு மூலை போகிற கோடு ஓரிடத்தில் செங்குத்தாக ஏறினால் இன்னோரிடத்தில் படுத்தே தீரும். மொத்தம் 256 படிகள்தான். ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியும்.

கணினிக்கு வெகு முன்பே இந்தக் கோடு இருந்தது. ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் என்கிற வேதியியலாளரும் வீரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட் என்கிற பொறியாளரும் இங்கிலாந்தில் ரசாயனத் தொழிலில் இருந்தவர்கள். புகைப்படம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. தகட்டில் எவ்வளவு ஒளி விழுந்தால் எவ்வளவு கறுக்கிறது என்று அளந்து 1890-ல் வெளியிட்டார்கள். அந்த வரைபடம் நீட்டி இழுத்த ஆங்கில எஸ் எழுத்துபோல இருந்தது: அடியில் தயங்கி, நடுவில் விறுவிறுவென ஏறி, உச்சியில் மறுபடி சோர்ந்து படுத்துவிடும். கோட்டின் நடுப்பகுதியைச் செங்குத்தாக்கி இரண்டு நுனிகளையும் மெதுவாக வளைக்கும்போது, ஃபிலிம் இயல்பாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் நாம் கையால் செய்கிறோம்.

நம் கோயில்களைப் படமெடுத்தவர்கள் இந்தப் படி நெருக்கடியில் நன்றாகவே மாட்டியிருக்கிறார்கள். லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்தபோது அவரிடம் இருந்த காகித நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டும் எளிதில் மயங்கும். கோபுரத்துக்குத் தேவையான நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அதனால் நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி மேகங்களைத் தீட்டினார். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரத்தில் கைபேசியை நீட்டிப் பாருங்கள், அதே சண்டை வரும். கோபுரச் சுதைகள் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அவற்றை எடுத்துக்காட்ட, கோட்டின் இடப்பக்கத்தைத் தூக்க வேண்டும்.

எங்கள் படத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து வண்ணப் பிரிண்ட்டில் மூன்று சாயங்கள் அடுக்காக இருக்கும்: சயான், மெஜந்தா, மஞ்சள். சயான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் சிதைந்தது பெரும்பாலும் அதுதான். விழுங்க ஆளில்லாததால் சிவப்பு பெருகிவிட்டது. அதனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கோட்டை எடுத்துத் திருத்த வேண்டும்.

எதை வைத்துத் திருத்துவது? நிறமே இல்லாத ஒரு பொருள் படத்தில் வேண்டும். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் அது மூன்று எண்களையும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். முதலில் தாத்தாவின் வேட்டியைத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு வேட்டி சொட்டு நீலத்தில் முங்கி எழுந்தது. மஞ்சளித்த துணியில் துளி நீலத்தைச் சேர்த்து வெள்ளையாகக் காட்டுவதும், சிவப்பு, பச்சைக் கோடுகளைக் கொஞ்சம் இறக்குவதும் ஒரே காரியம். ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒன்றை அளவுகோலாக வைக்கக் கூடாது. திருநீறுதான் சரி. சாம்பலுக்கு நிறம் கிடையாது.

தாத்தாவின் நெற்றியில் கர்சரை வைத்துப் பார்த்தால் சிவப்பு 226, பச்சை 184, நீலம் 172. பாட்டியின் கறுப்பு முடியில் 92, 50, 46. சிவப்புக் கோட்டின் கீழ்நுனியை வலப்பக்கம் 46 வரை நகர்த்தினேன். பச்சையின் மேல்நுனியை இடப்பக்கம் 214-க்கும், நீலத்தினுடையதை 200-க்கும் இழுத்தேன். திருநீறு மூன்று எண்ணிலும் 220-ஐ ஒட்டி வந்தது, முடி 60-ஐ ஒட்டி. முகங்களைத் தொடவே இல்லை. சாம்பலும் முடியும் சரியானதும் பாட்டியின் மாநிறம் தானாகத் திரும்பியது. அந்த நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

கடையில் என்ன நடந்திருக்கும் என்பதும் அப்போது விளங்கியது. பாட்டியின் முகச் சாயல்கள் 85-க்கும் 140-க்கும் இடையே இருந்தன. அவற்றைத் தூக்கி 200-க்கு மேல் வைத்தால், கோடு உச்சியில் படுக்கும் இடத்தில் அத்தனையும் நெருங்கிவிடும். கண்ணோரச் சுருக்கம், மேலுதட்டின் நிழல், மூக்குத்தியின் மினுக்கு எல்லாம் அதில்தான் கரைந்தன. வெளுப்பாக்குவது அழகு பற்றிய பேச்சு என்று மட்டும் நினைத்திருந்தேன். முகத்திலிருந்து தகவலை அழிக்கும் வேலை அது. இந்தப் பழக்கம் நம் ஊரோடு நிற்கவுமில்லை. பிரிண்ட் கடைகள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். கல்யாண ஆல்பம் செய்யும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாநிற முகம் கோட்டின் எந்தப் பகுதியில் விழுகிறதோ, அந்த இடத்தைச் செங்குத்தாக்குங்கள். நிறம் சரியான பிறகு நானும் அப்படித்தான் செய்தேன். மணலும் வானமும் கொஞ்சம் தட்டையாயின. ஆகட்டும்.

திருத்துவதற்கு முன் ஸ்கேனை 16 பிட்டில் எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். ஒரு நிறத்துக்கு 65,536 படிகள் என்பதால் இழுத்து நீட்டினாலும் இடையில் ஓட்டை விழாது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டி மின்வடிவாக்கியது போன்ற முயற்சிகளில், மூலப் பிரதியைத் தொடாமல் வைப்பது முதல் ஒழுங்கு. வீட்டு ஆல்பத்துக்கும் அதுவே போதும்.

ஒன்றில்தான் தோற்றேன். மிச்சமிருக்கும் சாயத்தைக் கோடு நீட்டித் தரும். அழிந்துபோன சாயத்தைக் கொண்டுவராது. பாட்டியின் சேலை இப்போது பச்சைதான், ஆனால் எந்தப் பச்சை? அம்மா பாட்டில் பச்சை என்கிறாள், பெரியம்மா கிளிப்பச்சை என்று சாதிக்கிறாள். இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். அந்தச் சேலை பின்னால் தூளி கட்ட ஆகி, அப்புறம் கரித்துணியும் ஆனதாம். ஒரு துண்டாவது பெட்டிக்குள் கிடக்குமா என்று பெரியம்மா பரணில் தேடிக்கொண்டிருக்கிறாள்.