புத்தகம் போட்டா கைக்கு எவ்வளவு வரும்?

நாவல் எழுதி முடிச்சாச்சு, வேலையை விட்டுடலாம்னு யோசிக்கிறீங்களா? ஒரு நிமிஷம், கணக்கைப் பார்த்துடுவோம். விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம்னு வெச்சுக்குங்க. 500 பிரதி வித்தா உங்களுக்கு 10,000 ரூபாய். அதுவும் வித்த பிறகுதான் வரும். ரெண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை நான் கணக்கிலேயே சேர்க்கலை!

சிலர் "40,000 கட்டுங்க, நாங்க போட்டுத் தர்றோம்"னு சொல்வாங்க. இதே ராயல்டில அந்தக் காசைத் திரும்ப எடுக்கவே 2,000 பிரதி விக்கணும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்க.

வரி விஷயம்: இலக்கியப் புத்தக ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனா பழைய வரி முறையில மட்டும்தான். 10,000 ரூபாய் ராயல்டிக்காக முறையை மாத்தாதீங்க. டிடிஎஸ் பிடிக்கலைன்னாலும் ரிட்டர்ன்ல காட்டிடுங்க.