கெண்டை கடிக்காது, உறிஞ்சும்: பெரிய மீனுக்கான தூண்டில் கணக்கு

பொட்டிப்புரம்னு கூகுள்ல தட்டிப் பாருங்க, வர்றது முழுக்க நியூட்ரினோதான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஆய்வகம், மலையைக் குடைவது, அதற்கு வந்த எதிர்ப்பு, எல்லாமே அங்கே கிடைக்கும். அது தனி எபிசோடுக்கான சமாச்சாரம். இன்றைக்கு அதே மலையடிவாரத்தில் இருந்து ரொம்பச் சின்ன விஷயம் ஒன்று: கெண்டை மீன்.

காரணம், நமக்கு அடிக்கடி வரும் ஒரே மாதிரியான கேள்வி. "ப்ரோ, ஆன்லைன்ல ராட், ரீல், இம்போர்ட்டட் பெய்ட் எல்லாம் வாங்கி லீவுக்கு ஊருக்குக் கொண்டு போனேன். ரெண்டு நாள் உட்கார்ந்தும் ஜிலேபி மீன் மட்டும்தான் மாட்டுது. பெரிய கட்லா எப்படிப் பிடிக்கிறது?" என்கிறார்கள். கேட்கிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார், ஊர் தேனிப் பக்கம். பல ஆயிரம் செலவு செய்தாகிவிட்டது. பக்கத்தில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருக்கும் தாத்தா 2 கிலோ ரோகுவைத் தூக்கிக்கொண்டு போகிறார். வயிறு எரியத்தானே செய்யும்?

முதலில் பெரிய மீன் எங்கே இருக்கும் என்று பார்ப்போம். இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். பொட்டிப்புரம், தேவாரம், போடி பக்கமெல்லாம் மலையின் மழை மறைவுப் பகுதி. மேற்கே கேரளாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இங்கே வெறும் காற்றுதான். கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையிலும், முல்லைப் பெரியாறு தண்ணீரைக் கொண்டுவரும் 18-ஆம் கால்வாயிலும்தான். தண்ணீர் வந்ததும் குத்தகைக்காரர் குஞ்சு விடுவார். கோடை வருவதற்குள் வலை போட்டு மொத்தமாக எடுத்துவிடுவார். ஆக, வருஷா வருஷம் வற்றும் கண்மாயில் இருக்கும் மீனுக்கு வயசே சில மாதங்கள்தான். அங்கே 8 கிலோ கட்லாவுக்காகக் காத்திருப்பது, இன்னும் பிறக்காத ஆளுக்கு ரயில் நிலையத்தில் காத்திருப்பது மாதிரி. எந்த ராடும் இதைச் சரி செய்யாது.

பெரிய மீன் வேண்டுமென்றால் பல வருஷம் வற்றாத தண்ணீர் வேண்டும். நம்ம பக்கம் அதற்கு முதல் பெயர் வைகை அணை. 1959-ல் திறந்தது, நீர்மட்டக் கணக்கு 71 அடி. கோடையில் மட்டம் எவ்வளவு இறங்கினாலும் ஆழமான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கும், அங்கே சில மீன் தப்பிப் பிழைத்து வயசாகும். கட்லா நல்ல தண்ணீரில் 20 கிலோவைத் தாண்டும் மீன். வளர அதற்கு வருஷங்கள் தேவை, அவ்வளவுதான்.

அடுத்தது அனுமதி. கண்மாய் மீன் பொதுச்சொத்து இல்லை. மீன்பாசி குத்தகை ஏலத்தில் ஒருத்தர் பணம் கட்டி எடுத்திருக்கிறார், குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். அணையிலும் மீன்பிடி உரிமை என்று ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் இறங்க முடியாது. "ஒரு மீன்தானே" என்று நாம் நினைப்பது அவருடைய வருமானம். நேரில் போய், "அண்ணே, தூண்டில் போட்டுக்கலாமா? விழுற மீனை எடை போட்டுக் காசு கொடுத்துடறேன்"னு கேளுங்க. பெரும்பாலும் சரி என்பார். கூடவே எந்தப் பக்கம் ஆழம், எங்கே பாறை என்பதும் இலவசமாகக் கிடைக்கும். எந்த ஆப்பும் தராத டேட்டா அது.

சரி, மீனுக்கு வருவோம். கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது. பல் இருப்பது தொண்டையில். விரால் மாதிரி பாய்ந்து கவ்வாது. வாயைக் குழாய் மாதிரி நீட்டி, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். உள்ளே போனதை நாவும் அண்ணமும் தொட்டுப் பார்க்கும், கல், மண், முள் என்று எது உறுத்தினாலும் அப்படியே வெளியே ஊதிவிடும். இந்த உறிஞ்சு-ஊது வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். தக்கை லேசாக ஆடி நின்றுபோவதைப் பார்த்து "சின்ன மீன் கொத்துது"ன்னு சொல்வோம், இல்லையா? பல நேரம் அது பெரிய மீன் நம்ம முள்ளை டெஸ்ட் பண்ணி ரிஜெக்ட் பண்ணினதுதான்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். உறிஞ்சும்போது முள் லேசாக உள்ளே போகணும், ஊதும்போது வெளியே வராமல் உதட்டில் பிடிக்கணும். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் லெனி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரண்டு பேர் கண்ணாடித் தொட்டியில் கெண்டைகளை வைத்துக் கவனித்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரையை முள்ளில் குத்தக் கூடாது. முள்ளில் இருந்து ஒரு மெல்லிய இழையைத் தொங்கவிட்டு, இரையை அதில் கோக்க வேண்டும். முதலில் உண்மையிலேயே தலைமுடியைத்தான் கட்டிப் பார்த்தார்கள், அதனால் ஹேர் ரிக் என்று பெயர். இரை தனியாக, முள் தனியாக இருப்பதால் மீன் இரையை நம்பி உறிஞ்சும், முள்ளும் பின்னாடியே போகும். ஊதும்போது இரை வெளியே வரும், காலியாக இருக்கும் முள் முனை கீழ் உதட்டில் ஏறும்.

இதை வீட்டிலேயே கட்டலாம். 6 அல்லது 8-ஆம் நம்பர் முள், ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய பின்னல் நூல். முள்ளின் வளைவுக்கும் இரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. இரை கழன்று போகாமல் இருக்க நுனியில் ஒரு தடுப்பு வேண்டும். கடையில் அதற்கு பிளாஸ்டிக்கில் ஏதோ விற்கிறார்கள். தென்னை விளக்கமாற்று ஈர்க்கில் ஒரு துணுக்கு ஒடித்துச் செருகினால் போதும். இரையைக் கோக்கத் தையல் ஊசி.

அடுத்து ஈயக்குண்டு. அடியில் மேயும் மீனுக்கு 60 முதல் 80 கிராம் வரை. இவ்வளவு கனம் தூரம் எறிவதற்கு மட்டும் இல்லை. முள் லேசாகக் குத்தியதும் மீன் மிரண்டு ஓடும், அப்போது குண்டின் கனமே முள்ளை ஆழமாக ஏற்றிவிடும். நாம் ராடை வெடுக்கென்று இழுக்க வேண்டியதே இல்லை. ஆனால் குண்டை எப்போதும் மெல்லிய, சீக்கிரம் அறுகிற நூலில் கட்டுங்க. பாறையில் சிக்கினால் குண்டு மட்டும் போகும். மீன் அறுத்துக்கொண்டு போனாலும் 80 கிராம் ஈயத்தை வாயில் சுமந்துகொண்டு சாகாது.

இரைக்கு வந்தால், இம்போர்ட்டட் பெய்ட் வாங்கினவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். நம்ம ஊரில் கெண்டை வளர்க்கிறவர்கள் காலங்காலமாகப் போடும் தீனி, அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. அதாவது பண்ணைத் தொட்டியில் குஞ்சாக இருந்தபோதே மீன் பழகிய வாசனை அது. ஸ்ட்ராபெர்ரி வாசனை உருண்டையை அது வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. புண்ணாக்கை முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து, ஆரஞ்சுப் பழ அளவில் 4, 5 உருண்டை மட்டும் ஒரே இடத்தில் போடுங்கள். ஆர்வக்கோளாறில் ஒரு வாளி கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும். மிச்சம் அழுகித் தண்ணீரையும் கெடுக்கும்.

முள்ளுக்கான இரை வேறு. மைதா உருண்டை, மண்புழு ரெண்டும் நல்ல இரைதான், ஆனால் ஜிலேபி மீன் நிமிஷத்தில் கொத்திக் கரைத்துவிடும். பெரிய மீனைப் பிடிப்பது என்பதில் பாதி, சின்ன மீனைத் தவிர்ப்பதுதான். அதற்குக் கெட்டியான இரை வேண்டும். கொண்டைக்கடலையை ஒரு ராத்திரி ஊறவைத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு வேகவைத்து, இழையில் 2 கோத்துவிடுங்கள். மக்காச்சோளம் என்றால் 3, 4. ஜிலேபி உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தொண்டைப் பல்லால் நசுக்கித் தின்னும் பெரிய சாதா கெண்டையும் மிர்காலும்தான் எடுக்கும்.

ஆனால் ஒன்று, இதெல்லாம் அடியில் மேயும் மீனுக்கு. மீனின் வாயைப் பாருங்கள், அது எந்த மாடியில் குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும், அது மேல்தளத்து ஆள். ரோகு நடுத்தளம். மிர்காலும் மீசை வைத்த சாதா கெண்டையும் தரைத்தளம். தரையில் கொண்டைக்கடலையைப் போட்டுவிட்டு கட்லா வரவில்லை என்று புலம்பினால், தப்பான ஃப்ளோரில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.

கட்லா தின்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை, செவுளில் வடிகட்டி. ஆகவே அதற்குக் கரைந்து தூசியாகப் பரவுகிற இரை. கடையில் ஸ்பிரிங் தூண்டில் என்று விற்கிறார்களே, கம்பிச் சுருளைச் சுற்றி மாவு, அதைச் சுற்றி முள், அது இந்த யோசனைதான். பொரிகடலை மாவு, நைசான தவிடு, கொஞ்சம் புண்ணாக்குத் தூள் சேர்த்து, தண்ணீருக்குள் 10 நிமிஷத்தில் உதிர்கிற பதத்தில் பிடித்து, தக்கையில் கட்டி 3 முதல் 5 அடி ஆழத்தில் தொங்கவிட வேண்டும். என் ஒரே சண்டை அந்த 6 முள்ளோடுதான். 2 போதும். 6 முள் இருந்தால் ஒன்று வாயில், மற்றது கண்ணில், செவுளில் என்று மாட்டும். பாதி மீன் கிழிந்து தப்பித்து, புண்ணோடு அலையும். குத்தகைக்காரருக்கு அது நஷ்டம், நமக்கும் மீன் இல்லை.

ரீல் பற்றி நிறைய வீடியோ இருக்கிறது, நான் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 0.35 மில்லிமீட்டர் நைலான் நரம்பு, 15 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ இழுவை தாங்கும். ரீலின் டிராக்கை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். எப்படி அளப்பது? நரம்பு நுனியில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி ராடால் மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் ரீல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். 7 கிலோ நரம்பில் 12 கிலோ மீன் எப்படி வரும் என்று கேட்பீர்கள். காற்றுப்பை இருப்பதால் தண்ணீருக்குள் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை. நாம் சண்டை போடுவது அதன் ஓட்டத்தோடு. ஓடினால் விடுங்கள், நின்றால் சுற்றுங்கள். கரைக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்கினால்தான் முழு எடையும் வரும், அங்கேதான் அறுகிறது. கைவலை கட்டாயம். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நைலான் உரசிச் சூடாகி, முடிச்சிலேயே பலம் இழக்கும்.

நேரம்? கோடையில் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசியில் இல்லை, மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். வெயில் ஏறிக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். புதுத் தண்ணீர் வந்து விழும் கால்வாய் வாய், காற்று அலையைத் தள்ளும் கரை, மடைப் பக்கத்து ஆழம், இந்த மூன்றும் நல்ல இடங்கள். சத்தமும் முக்கியம். கெண்டைகளுக்குக் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் சின்ன எலும்புச் சங்கிலி உண்டு, கிட்டத்தட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர். கரையில் நாம் தொம் தொம்மென்று நடப்பது அதற்குக் கேட்கும். ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க, ப்ளீஸ்.

ரெண்டு கேள்வி எடுத்துக்கலாம். "விலை உயர்ந்த ராட் இல்லாமல் ரெக்கார்டு மீன் சாத்தியமா?" 1952-ல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டை பிடித்தார். அந்த நாட்டு ரெக்கார்டாகப் பல வருஷம் நின்ற மீன், உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போனது. அவர் போட்ட இரை ரொட்டியும் மாவும். இத்தனைக்கும் அவர் தொழிலில் ஒரு இன்ஜினியர், மீன் இழுத்தால் ஒலிக்கும் மின்சார அலாரத்தைத் தானே செய்துகொண்டவர். நம்ம ஜாதி.

இன்னொருத்தர், "காவிரி மஷீர் பிடிக்க டிப்ஸ் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கார். அதுவும் கெண்டைக் குடும்பம்தான். 1946-ல் கபினியில் 120 பவுண்டு மீன் ராகி உருண்டை காலத்து ஜாம்பவான்களுக்கு மாட்டியிருக்கிறது. ஆனால் காவிரியின் அந்தத் திமில் மஷீர் 2018-ல் மிக அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு டிப்ஸ் கிடையாது. தற்செயலாக மாட்டினால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், ஈரக் கையால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். போட்டோ கூட வேண்டாம்.

கிளம்பும்போது அறுந்த நரம்பை எல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். கரையில் கிடந்தால் கொக்கின் காலில்தான் சுற்றும்.