தோற்கும் என்ற குதிரை ஜெயிப்பது ஏன்?

பாரீஸ் நகரத்து லோன்ஷான் மைதானத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறும் ஆர்க் தெ திரியோம்ஃப் என்னும் பந்தயம், தடை தாண்டாமல் சமதரையில் ஓடும் குதிரைகளுக்கென்று ஐரோப்பாவில் ஏற்பட்டவற்றுள் தலையாயது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, அந்த வருஷத்து இங்கிலாந்து டெர்பியை வென்ற அடாயரும், ஐரிஷ் டெர்பியையும் செயின்ட் லெஜரையும் வென்ற ஹரிக்கேன் லேனும், ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றிருந்த டார்னவாவும் ஓடிய அந்தப் பந்தயத்தில், ஒன்று கட்டினால் 72 லாபம் என்னும் விலையில் ஓடிய டார்க்வாட்டர் டாஸோ என்ற ஜெர்மன் குதிரை, ரெனே பீஹுலெக் என்ற ஜாக்கியைச் சுமந்துகொண்டு, கடைசிச் சில கெஜ தூரத்தில் எல்லோரையும் முந்திச் சென்றது.

இத்தகைய முடிவு எங்கே நேர்ந்தாலும் அதைப் பற்றிய பேச்சு ஒரே விதமாகத்தான் எழுகிறது. பட்டுத்தறிகளின் ஓசை ஓயாத ஆரணியில், கிண்டிப் பந்தயத்தின் முடிவைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடையில் இரண்டு நெசவாளர்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். “எல்லாரும் அந்த ஒரு குதிரையைத்தானேண்ணே சொன்னாங்க, அது எப்படித் தோக்கும்? உள்ளுக்குள்ள ஏதோ நடந்திருக்கு” என்றார் இளையவர். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, அன்னிக்கு அதுக்கு நேரம் சரியில்ல” என்றார் மூத்தவர். ஒருவர் சூதைக் காரணம் சொன்னார். மற்றவர் விதியைச் சொன்னார். இவ்விரண்டில் ஒன்றையும் துணைக்கு அழைக்காமலே, பெரும்பாலான ஆச்சரிய முடிவுகளுக்கு விஞ்ஞானம் காரணம் கூற முடியும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் குதிரையின் சரீரத்தைக் கவனிப்போம். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரையின் இருதயம், அது லாயத்தில் அமைதியாக நிற்கும்போது நிமிஷத்துக்கு 30 முதல் 40 தடவை துடிக்கிறது. ஓட்டத்தின் உச்சத்திலோ 220 தடவைக்கு மேல் துடிக்கிறது. அப்போது மண்ணீரல் சுருங்கி, தான் சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி அதனால் பெருகுகிறது. ஆனால் இவ்வளவு வல்லமை படைத்த பிராணிக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. குதிரையால் வாய் வழியாகச் சுவாசிக்க இயலாது. நாலுகால் பாய்ச்சலில் அதன் மூச்சு கால்களோடு பிணைக்கப்பட்டு, ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற நியதிக்கு உட்படுகிறது. ஆகவே தரை மாறிக் கால்வைப்பு மாறுமானால் மூச்சின் கதியும் மாறும். மூச்சு மாறினால், தசைகள் எவ்வளவு நேரம் சோர்வைத் தாங்கும் என்ற கணக்கும் மாறிவிடும்.

லோன்ஷானில் அன்று மழையில் ஊறிக் கனத்திருந்தது புல்தரை. 2011-இல் டேன்ட்ரீம் என்ற மற்றொரு ஜெர்மன் குதிரை, உலர்ந்த தரையில் இதே 2,400 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 24.49 விநாடியில் ஓடிற்று. டாஸோவுக்கோ ஏறக்குறைய 13 விநாடி கூடுதலாகப் பிடித்தது. குளம்பு புதையப் புதைய, ஒவ்வோர் அடியிலும் சக்தியில் ஒரு பகுதி சேற்றுக்கே காணிக்கையாகிவிட, மின்னல் வேகத்தைவிட நீடித்த பலத்துக்கே அங்கே மதிப்பு உயர்ந்தது. இந்த இரண்டு குணங்களும் ஓரளவு பிறப்பிலேயே அமைகின்றன. டப்ளினில் எம்மலின் ஹில் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாடின் என்னும் மரபணுவின் வகைக்கேற்ப ஒரு குதிரை குறுந்தூர ஓட்டத்துக்கோ நெடுந்தூர ஓட்டத்துக்கோ ஏற்றதாக அமைகிறது என்பதை 2010-இல் எடுத்துக் காட்டினார்கள்.

ஈரநிலம் குதிரைகளின் கணக்கை மாற்றிவிடும் என்பதற்கு ஆரணி மண்ணிலேயே பழைய சாட்சி இருக்கிறது. 1751-ஆம் ஆண்டின் இறுதியில், சந்தா சாகிபின் குமாரர் ரஸா சாகிபின் சேனையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களும், ஆங்கிலேயரான ராபர்ட் கிளைவின் சிறிய படையையும் அவருக்கு உதவியாக வந்த மராத்தியக் குதிரை வீரர்களையும் இங்கே சந்தித்தபோது, ஆள்பலமும் குதிரைப் பலமும் ரஸா சாகிபின் பக்கமே மிகுந்திருந்தன. ஆயினும் இடையில் கிடந்தவை நீர் தேங்கிய நெல்வயல்கள். அவற்றின் நடுவே சென்றது ஒரு குறுகிய மேட்டுப் பாதை. அந்தப் பாதையில் அகப்பட்டு, பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காகி, பெரும்படை குலைந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கூறியவன் அன்று ஏமாந்திருப்பான். நிலத்தைப் பார்த்தவன் அவ்வளவாக வியந்திருக்க மாட்டான்.

நிலத்தையும் சரீரத்தையும் நன்கு அறிந்த பின்னரும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதற்குக் கணிதத்தில் சாத்தியக் கணக்கு என்று பெயர். ஜனங்கள் மிகுதியாக நம்பும் பேவரிட் குதிரை, பொதுவாக மூன்று பந்தயங்களில் ஒன்றில்தான் ஜெயிக்கிறது. அப்படியானால் அடுத்தடுத்த ஐந்து பந்தயங்களில் ஐந்து பேவரிட்டுகளும் தோற்பதற்கு நூற்றுக்கு 13 பங்கு இடம் இருக்கிறது. பந்தய நாட்களை நெடுகக் கவனித்து வருகிறவர்களுக்கு அது அபூர்வ சம்பவமே அல்ல. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பந்தயத்தில் பத்துக் குதிரைகள், தனித்தனியே ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பே உடையவை என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று ஜெயிக்கும் என்பது நம்பத் தகாதது. ஆனால் அந்தப் பத்தில் ஏதோ ஒன்று ஜெயிப்பதற்குள்ள வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இன்ன குதிரை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமையும், ஏதோ ஒன்று ஒருநாள் வந்தே தீரும் என்ற நிச்சயமும் ஒருங்கே உண்மையாக இருக்கின்றன. பந்தயம் முடிந்த பிறகு நாம் முன்னதை மட்டும் நினைத்துத் திகைக்கிறோம்.

மேலும், விலை என்பது குதிரையை அளந்து கண்ட அளவன்று. மனிதர்களின் அபிப்பிராயங்களைக் கூட்டிக் கண்ட தொகை. கட்டிய பணம் முழுவதையும் ஒன்றாகத் திரட்டி, ஜெயித்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் டோட் முறையை 1860-களில் பாரீஸில் ஏற்படுத்தியவர் ஜோசப் ஓலர். அந்த முறையில் ஒரு குதிரையின் விலையை நிர்ணயிப்பது அதன் இருதயமோ நுரையீரலோ அல்ல. அதன்மேல் எவ்வளவு பணம் விழுந்தது என்பதே. அபிப்பிராயமோ புகழின் பக்கம் சாயும் இயல்புடையது. 1975-இல் இதே ஆர்க் பந்தயத்தில் ஒன்றுக்கு 119 என்ற விலையில் ஜெயித்த ஸ்டார் அப்பீல், அந்த வருஷமே இங்கிலாந்தின் எக்லிப்ஸ் பந்தயத்தை வென்றிருந்தது. டாஸோவும் ஒரு மாதத்துக்கு முன்புதான் பாடன்-பாடனில் பெரும் பந்தயமொன்றை வென்றிருந்தது. தகுதிக்கான சான்று எல்லோரும் பார்க்கும்படியாகவே கிடந்தது. பார்க்கும் பழக்கந்தான் குறைவாக இருந்தது.

ஆனால் இதைக் கேட்டு வாய்ப்புக் குறைந்த குதிரைகளையே நாடிப் போகிறவனும் பிழை செய்கிறான். அத்தகைய குதிரைகளின்மேல் ஜனங்கள் அவற்றின் தகுதிக்கு மிஞ்சிய பணத்தைக் கட்டுகிறார்கள் என்பதைக் கிரிஃபித் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1949-லேயே பந்தயக் கணக்குகளைக் கொண்டு விளக்கினார். பெருந்தொகை கிடைக்கும் என்ற ஆசை, சிறிய வாய்ப்பைப் பெரிதாகக் காட்டுகிறது.

பந்தயம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற விவாதம் நம் ராஜ்யத்தில் நீதிமன்றம் வரை சென்றது. குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. விஞ்ஞானத்தின் பார்வையில் இரண்டு கருத்துகளுக்கும் இடம் இருக்கிறது. குதிரையை வளர்ப்பதும் பழக்குவதும் ஓட்டுவதும் அதன் குணமறிந்து மதிப்பிடுவதும் மெய்யான திறமைகள். ஆனால் திறமை வாய்ப்பை உயர்த்துமேயன்றி, தற்செயலை இல்லாமற் செய்யாது. பட்டுச் சேலையின் புட்டா பல ஊடைகள் விழுந்த பிறகே உருவாவதுபோல, திறமையின் பலனும் நூற்றுக்கணக்கான பந்தயங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் புலப்படும். ஒரே ஒரு பந்தயம் ஒரே ஓர் இழை.

வாரக் கூலியை எடுத்துக்கொண்டு ஒரு பந்தயத்தின்மேல் கட்டுகிறவன், நூறு பந்தயங்களில் விளங்க வேண்டிய உண்மையை ஒன்றிலேயே எதிர்பார்க்கிறான். அதோடு, பந்தயக் கழகத்தின் பங்கும் வரியும் முதலிலேயே கழிந்துவிடுவதால், கட்டினவர்கள் எல்லோரும் சேர்ந்து பெறுவது கட்டியதைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதையும் அவன் மறந்துவிடுகிறான். பந்தயத்தை அறிவுக்காகப் பார்க்கிறவனுக்கோ அத்தகைய நஷ்டமே இல்லை. தன் அபிப்பிராயம் எங்கே பிசகிற்று, தரையிலா, தூரத்திலா, புகழில் வைத்த நம்பிக்கையிலா என்று ஆராயும் வாய்ப்பை ஒவ்வொரு ஆச்சரிய முடிவும் அவனுக்கு இலவசமாகவே அளிக்கிறது.