பாட்டி காலத்து ரவிக்கை, பழைய புடவைச் செலவில்

பஃப் கை திரும்பி வந்துவிட்டது. கல்யாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் இளம்பெண்கள் முழங்கை வரை இறங்கிய கை, கழுத்தை ஒட்டிய போட் நெக், கையோரத்தில் புடவைக் கரை வைத்த ரவிக்கை என்று வந்து நிற்கிறார்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அதே ரவிக்கையில் ‘ரெட்ரோ’, ‘விண்டேஜ்’ என்று அட்டையைத் தொங்கவிட்டு பொட்டிக்குகளில் சொல்லும் விலையைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. அந்த உடுப்பு சிக்கனத்தில் பிறந்தது. கைக்காசு குறைவாக இருந்த பெண்கள், கிடைத்த துணிக்குள் அழகு பார்த்து வெட்டிய வெட்டு அது. அதை வீட்டிலேயே, வீட்டில் இருக்கும் துணியிலேயே தைக்கலாம். உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் இன்றைய லைனிங் ஜாக்கெட்டைவிட அது தைக்கவும் எளிது.

இந்தப் பாணி எந்தக் காலத்தில் வந்தது என்று பார்த்தாலே இது விளங்கும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே கடுமையான துணித் தட்டுப்பாடு. 1943இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. ‘கன்ட்ரோல் துணி’ என்ற பேச்சு வீடுகளில் புழங்கியது அப்போதுதான். இங்கிலாந்தில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கும் கூப்பன் முறை. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். பழைய துணியைப் பிரித்துப் புதுக்குவது எப்படி என்று 1943இல் அந்த நாட்டு அரசே கையேடு வெளியிட்டது. பாவாடையில் எத்தனை மடிப்பு, சட்டையில் எத்தனை பொத்தான் என்பதற்குக்கூட அங்கே வரம்பு இருந்தது. நாற்பதுகளின் பாணி என்று இன்று உலகம் முழுக்கத் தேடிப் பிடித்துத் தைக்கிறார்களே, அந்த ஒடுக்கமான, நேரான வடிவம் பெருமளவுக்கு அந்த வரம்புகளால் வந்தது. 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் துணியை வாரி இறைத்துப் பெரிய பெரிய பாவாடைகளைக் காட்டியபோது பலர் கோபப்பட்டதற்கும் காரணம் அதுதான்.

நம் வீட்டுப் பெண்களின் சிக்கனத்தை எந்தக் கையேட்டிலும் தேட வேண்டாம். நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ரவிக்கை பெட்டியில் கிடந்தால் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு அங்குலத்துக்கும் மேல் துணி விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் தையல் ஓடும். உடம்பு கொஞ்சம் பூசினால் உள்தையலைப் பிரித்து அடுத்த தையலுக்கு வந்துவிடலாம். பிரித்த இடத்தில் துணியின் முதல் நிறம் அப்படியே இருக்கும். வெளியே வெளுத்த மஞ்சள், உள்ளே பளிச்சென்ற மாம்பழ மஞ்சள். சிறுமிகளின் பட்டுப் பாவாடையிலும் இதே கணக்குத்தான். கீழே வரிசையாக இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். பெண் வளர வளர, வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். அம்மாவுக்கு அது மூன்று தீபாவளிச் செலவு. பழைய பாணியில் தைக்க விரும்புகிறவர்கள் கைக்கும் கழுத்துக்கும் முன்னால் இந்த ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். தாராளமாகத் துணி விட்டுத் தையுங்கள். ரவிக்கை பத்து வருடம் உழைக்கும்.

துணிக்கு வருவோம். புதுத்துணி வாங்கத் தேவையில்லை. பழைய பருத்திப் புடவை ஒன்று போதும். ஐந்தரை மீட்டர் புடவையில் எல்லா இடமும் ஒரே மாதிரி நைவதில்லை. காலடியில் உரசும் கீழ்க்கரையும், தினமும் மடிப்பு விழுகிற கொசுவப் பகுதியும்தான் முதலில் போகும். இடுப்பில் செருகுகிற உள்முந்தி வெயிலே படாமல் கெட்டியாக இருக்கும். மேல்பக்கக் கரையும் பெரும்பாலும் தேறும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகி ஒளி கொட்டினால் அந்த இடம் ஆகாது. இரண்டு கட்டைவிரலாலும் துணியை எதிரெதிரே இழுங்கள். ‘சர்’ரென்று விட்டால் அதுவும் ஆகாது. பட்டுப் புடவையில் கூடுதல் கவனம் வேண்டும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் அந்த மடிப்புக் கோட்டிலேயே கிழியும். வெட்டும்போது அந்தக் கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

முழங்கை வரை பஃப் கை வைத்த ரவிக்கைக்கு ஒரு மீட்டர் துணி வேண்டும். சாதாரணக் கைக்கு எண்பது சென்டிமீட்டர் போதும். முன்பக்கத்தைக் கிராஸ் கட்டிங்கில் வெட்டினால் துணி கூடுதலாகப் பிடிக்கும். பழைய ரவிக்கைகள் பலவும் நேர் வெட்டுத்தான். துணியும் மிச்சம், புதிதாகத் தைக்கிறவர் கைக்கும் சுலபம். லைனிங்குக்குக் கடைக்குப் போகாதீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன நாலு முழ வேட்டி இரண்டு ரவிக்கைக்கு லைனிங் கொடுக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதைவிடச் சுகமான லைனிங் எந்தக் கடையிலும் கிடைக்காது.

புதுத்துணிதான் வேண்டும் என்று ஆசைப்பட்டால், கட் பீஸ் கடைகளில் மல், வாயில், சாதாப் பருத்தி என்று கேளுங்கள். பாலியஸ்டர் கலந்த துணியில் இந்தப் பாணி சரிப்படாது. சுருக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும், ஓரம் மடங்காது. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அத்தனை உழைப்பும் வீண். பழைய புடவை ஏற்கெனவே நூறு முறை நனைந்தது. அந்தக் கவலையே இல்லை.

அளவு எடுப்பதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், கல்தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையற்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அளவுத் துணி ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்தே அச்சாகத் தைத்துத் தருகிறவர்கள் அவர்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். நன்றாகப் பொருந்தி, இனி போட முடியாதபடி நைந்துபோன ஒரு ரவிக்கையை எடுத்துத் தையல் தையலாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் பிரித்தாலே போதும். மறுபாதி எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள அப்படியே இருக்கட்டும். பிரித்த துண்டுகளை இஸ்திரி போட்டுச் செய்தித்தாள் மேல் வைத்து வரைந்தால் முதுகு, முன்பக்கம், இடுப்புப் பட்டி, கொக்கிப் பட்டி, கை எல்லாம் கிடைத்துவிடும். உங்கள் உடம்புக்கென்றே ஏற்பட்ட வடிவம் அது.

பாணியை அதன் மேல் ஏற்ற வேண்டும். இதற்கு நல்ல பாடசாலை பழைய படங்கள். ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘அன்பே வா’ (1966) போன்றவற்றைப் போட்டு, ரவிக்கை தெரியும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கழுத்து எங்கே முடிகிறது, கை முழங்கைக்கு மேலா கீழா, சுருக்கம் தோளிலா கையோரத்திலா, கொக்கி முன்னாலா பின்னாலா. இந்த நாலு விஷயத்தைக் குறித்துக்கொண்டால் போதும். வீட்டு ஆல்பத்தில் ஸ்டூடியோ படம் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

பஃப் கையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போவது அங்கேதான். தாளில் வரைந்த கை வடிவத்தை மேலிருந்து கீழாக நடுவில் வெட்டுங்கள். இரண்டு பாதியையும் மூன்று அங்குலம் விலக்கி வேறொரு தாளில் ஒட்டுங்கள். மேல் வளைவின் உச்சியை மட்டும் ஒரு அங்குலம் உயர்த்தி வரையுங்கள். இந்த உயரம் இல்லாவிட்டால் சுருக்கம் எத்தனை வைத்தாலும் கை உப்பி நிற்காது, தோளோடு படுத்துவிடும். துணியை வெட்டியதும் மேல் வளைவில், மெஷினில் இருப்பதிலேயே நீளமான தையலை வைத்து, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுங்கள். நுனிகளை முடிச்சுப் போடாமல் விட்டு, அடியில் இருக்கும் பாபின் நூல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒற்றை வரிசையில் சுருக்கம் புரண்டுகொள்ளும்; இரண்டு வரிசையில் ஒழுங்காக அடுக்கி நிற்கும். சுருக்கம் முழுவதும் தோள் தையலுக்கு இப்புறம் இரண்டரை அங்குலம், அப்புறம் இரண்டரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அக்குள் பக்கம் ஒரு சுருக்கம்கூடப் போகக் கூடாது. போனால் கையைத் தூக்கும்போதெல்லாம் உறுத்தும். குண்டூசி குத்தி, சுருக்கம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, உடம்போடு சேர்த்துத் தையுங்கள். பிறகு அந்த நீளத் தையல்களை உருவிவிடலாம்.

கையோரத்தையும் இதேபோல் சுருக்கி, முழங்கைச் சுற்றளவுக்கு ஒரு அங்குலம் கூட்டி வெட்டிய பட்டியில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியாகப் புடவையின் மேல்கரையை வையுங்கள். தனியாக லேஸ் வாங்க வேண்டாம். பழைய துணி தளர்ந்து பஃப் தொங்கினால், இருக்கவே இருக்கிறது சோற்றுக் கஞ்சி. மெல்லிய கஞ்சியில் முக்கி, ஈரம் சற்று இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சாயங்காலம் வரை நிற்கும். சுருக்கம் வைத்த கைக்கு இன்னொரு தயவும் உண்டு: அளவு அரை அங்குலம் முன்னே பின்னே போனாலும் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும். ஒட்டிய கையில் அதற்கு இடமில்லை. முதல் ரவிக்கையைப் பஃப் கையோடு தைக்கச் சொல்வது அதனால்தான்.

கழுத்தில் அதிக வேலை இல்லை. சதுரக் கழுத்து என்றால் மூலையில் தையலுக்கு ஒரு இழை முன்புவரை கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத் திருப்புங்கள். அப்போதுதான் மூலை சுருங்காமல் உட்காரும். போட் நெக் என்றால் தோளில் இரண்டரை அங்குலம் விட்டு, கழுத்தின் முன்னிறக்கத்தை மூன்று அங்குலத்தோடு நிறுத்தி, கொக்கியைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். எதை வைத்தாலும் நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் பழைய போர்வைத் துணியில் ஒருமுறை ஓட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கள். கைகளை மேலே தூக்கி, பிறகு குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்பது மட்டும் போதாது.

ரவிக்கைக்குத் தோதான புடவை வாங்குவதென்றால், கைத்தறிப் பருத்தியும் சுங்குடியும் அந்தக் காலத் தோற்றத்தைச் சுலபமாகக் கொடுத்துவிடும். சுங்குடிக்கு மதுரை மட்டுமல்ல, திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டியும் பேர்போனது. அந்த ஊரை ஒட்டித்தான் 1947இல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இந்த ராமச்சந்திரன் மாணவராக இருந்தபோது, 1924இல், எந்திரங்களையே நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று காந்தியிடம் கேட்டவர். காந்தி அப்போது விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போகும் மனைவியின் பாட்டைக் குறைக்க, அன்பினால் சிங்கர் செய்த கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். ராட்டையும் தறியும் பேசிய மனிதர் தையல் மெஷினுக்கு மட்டும் இடம் விட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தன் உடுப்பைத் தானே தைத்துக்கொள்கிறவருக்கு அந்த மெஷின் எசமானன் ஆவதில்லை.

அந்த மெஷின் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சீர்வரிசையில் வந்து, மேலே துணி போர்த்தி, இப்போது டெலிபோன் புத்தகமும் பழைய பேப்பரும் சுமந்துகொண்டிருக்கும் மிதி மெஷினைச் சொல்கிறேன். ஓவர்லாக், ஜிக்ஜாக் எதுவும் இந்தப் பாணிக்குத் தேவையில்லை. அந்தக் கால ரவிக்கை முழுதும் நேர்த்தையல்தான். பிசிறை உள்ளே மடக்கி இரட்டையாகத் தைத்திருப்பார்கள், கொக்கியும் ஓரமும் கைத்தையல். பள்ளியில் தையல் வகுப்பு படித்த பெரியம்மா, அத்தை யாராவது பக்கத்தில் இருந்தால் காஜாவும் எம்மிங்கும் ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடம் கேளுங்கள், கேட்க ஆளில்லாமல்தான் அவர்கள் சும்மா இருக்கிறார்கள்.

துணியை எடுப்பதற்கு முன்னால் மெஷினைக் கவனியுங்கள். பாபின் கேஸைக் கழற்றி அடியில் அடைத்திருக்கும் பஞ்சைத் துடையுங்கள். எண்ணெய்த் துளைகளில் மெஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி கொக்கி மாட்டுங்கள். பழைய ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மல் துணிக்கு 11, மற்றப் பருத்திக்கு 14 என்று புது ஊசி வாங்கிப் போடுங்கள். ஒரு பழைய வேட்டித் துண்டில் நேராக நாலு வரி ஓட்டிப் பாருங்கள். தையல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் விழுந்தால் மெஷின் தயார். இந்த வாரக் கடைசியில் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெட்ட ஆரம்பியுங்கள்.