ஒரே கட்டையில் ஒரு பெட்டி

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றில் எங்காவது கல்லும் கல்லும் சேரும் இணைப்பு தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் நின்ற பாறையிலிருந்து வேண்டாத பகுதியைச் செதுக்கி நீக்கினார்கள். எஞ்சி நின்றது ரதம். இன்னொன்றையும் கவனியுங்கள். திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரையைப் போலவே இருக்கிறது. மரத்தாலும் ஓலையாலும் எழுப்பிய வீட்டின் வடிவத்தைச் சிற்பி கல்லுக்குக் கொண்டுவந்தான்.

இனி இதையே திருப்பி யோசிப்போம். கல்லைக் குடைந்து ரதம் செய்த முறையில், மரக்கட்டையைக் குடைந்து ஓர் அழகுப் பெட்டி செய்ய முடியுமா? பலகைகளை அறுத்து, மூலைகளைப் பொருத்தி, ஆணி அடிக்காமல், ஒரே கட்டைக்குள்ளிருந்து பெட்டியையும் அதன் இழுப்பறையையும் எடுக்க முடியுமா?

முடியும். அதற்கு உதவும் கருவி பட்டை ரம்பம். தொழிற்கூடங்களில் இதைப் 'பேண்ட்சா' என்பார்கள். அமெரிக்க மரக்கலைஞர் ஆர்தர் எஸ்பனே கார்ப்பென்டர் (1920–2006) இவ்வகைப் பெட்டிகளைப் பரப்பியவர்களில் ஒருவர். 'கார்ப்பென்டர்' என்றால் தச்சர், பெயருக்கேற்ற தொழில்தான்!

ஆனால் கல்லுக்கும் மரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. செதுக்கிய கல் அப்படியே இருக்கும். அறுத்த மரம் அப்படி இராது. சித்திரை வெயிலில் செங்கல்பட்டில் செய்த பெட்டியைக் கார்த்திகை அடைமழையில், 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்? இழுப்பறை திறக்குமா, சிக்கிக்கொள்ளுமா? விடை ஒரே ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முடிவில்லாத ரம்பம்

கைரம்பம் முன்னும் பின்னும் போய் வருகிறது. பட்டை ரம்பம் ஒரே திசையில் ஓடுகிறது. ஒரு பக்கம் பற்கள் வெட்டிய நீண்ட எஃகு நாடாவை முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, மேலும் கீழுமாக உள்ள இரண்டு சக்கரங்களின் மேல் மாட்டியிருப்பார்கள். நடுவே ஒரு மேசை. நாடா மேசையைத் துளைத்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடும். கட்டையை மேசைமீது வைத்து நாடாவை நோக்கித் தள்ள வேண்டும். வெட்டு விசை கீழ்நோக்கி இருப்பதால் கட்டை மேசையோடு அழுந்தி நிற்கும்.

இந்த எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் தோன்றிவிட்டது. ஆனால் நாடாவின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோயிற்று. வினாடிக்குப் பலமுறை வளைந்து நிமிரும் எஃகில் ஒட்டு நிலைக்குமா? பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி ஆன் போலின் கிரெப்பான் உறுதியான ஒட்டு முறையொன்றைக் கண்டு 1846இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் பிறகுதான் பட்டை ரம்பம் தொழிற்கூடங்களுக்குள் நுழைந்தது. இன்று மரம் அறுக்கும் ஆலைகளில் பெரிய அடிமரங்களை அறுப்பதும் இதன் அண்ணன்தான்.

சிறு தொழிற்கூட ரம்பத்தில் சக்கரத்தின் விட்டம் சுமார் 35 செ.மீ. நாடா வினாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் ஓடும். சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள், 800 முறைக்குச் சற்று மேல் வரும்.

இவ்வளவு வேகத்தில் ஓடும் நாடா சக்கரத்தை விட்டு நழுவாதது ஏன்? சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இல்லை; நடுவில் மிகச் சிறிது மேடாக இருக்கிறது. ஓடும் பட்டை எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும். பழைய மாவு மில்லில் தட்டைப் பெல்ட் ஓடும் சக்கரத்தை, மில் நின்றிருக்கும்போது பாருங்கள். அதே மேடு அங்கும் இருக்கும்.

பெட்டி பிறக்கும் விதம்

12 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 10 செ.மீ. ஆழம் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். தேக்காக இருக்கலாம், நம் கடற்கரையில் தழைக்கும் பூவரசாகவும் இருக்கலாம். பூவரசின் வைரம் ஆழ்ந்த பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும். புயலில் சாய்ந்த மரத்தின் கிளை கதவுக்கு ஆகாது. ஆனால் இப்படி ஒரு பெட்டிக்குப் போதும். கட்டை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். அதன் இழைகள் இடமிருந்து வலமாக ஓடட்டும்.

முதல் வெட்டு: கட்டையின் பின்புறத்திலிருந்து 6 மி.மீ. கனத்தில் ஒரு வில்லையை அறுத்துத் தனியே வைக்க வேண்டும். இது பெட்டியின் முதுகு.

இரண்டாம் வெட்டு: கட்டையின் முன்முகம் மேலே தெரியுமாறு படுக்க வைத்து, இழுப்பறையின் உருவை அறுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். நாடா மூடிய வளையம் அல்லவா? ஊசியில் நூலைக் கோப்பது போல அதைத் துளைக்குள் கோக்க முடியாது. ஆகவே கட்டையின் பக்கவாட்டிலிருந்து, இழையின் போக்கிலேயே உள்ளே நுழைந்து, இழுப்பறையைச் சுற்றி வந்து, நுழைந்த வழியாகவே வெளியேற வேண்டும். உள்ளிருக்கும் துண்டு தனியே வந்துவிடும்.

மூன்றாம் வெட்டு: அந்தத் துண்டின் முன்னும் பின்னும் 6 மி.மீ. வில்லைகளை அறுத்தெடுக்க வேண்டும்.

நான்காம் வெட்டு: எஞ்சிய நடுப்பகுதியில் அடியையும் இரு பக்கங்களையும் விட்டுவிட்டு, மேலிருந்து 'ப' வடிவில் வளைத்துக் குடைய வேண்டும். குடைந்தெடுத்த துண்டையும் எறிய வேண்டாம். அதிலேயே இன்னும் சிறிய பெட்டி செய்யலாம்!

இனி ஒட்டும் வேலை. இழுப்பறையின் முன் வில்லையும் பின் வில்லையும் பழைய இடத்துக்கே போகின்றன. பெட்டியின் முதுகும் தன் இடத்துக்குத் திரும்புகிறது. நுழைந்த வெட்டைப் பசையிட்டு இறுக்கி மூட வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்த்து மெருகேற்றினால் பெட்டி தயார். இழுப்பறையை மூடியதும் மரத்தின் ரேகைகள் பெட்டியிலிருந்து இழுப்பறைக்குத் தொடர்ந்து ஓடுவதைக் காணலாம். ஒரே கட்டை என்பதற்கு அதுவே சாட்சி.

இப்பெட்டிகளின் இழுப்பறைகளுக்குக் கூர்மூலை கிடையாது. எல்லாம் வளைந்த மூலைகளே. அழகுக்காக மட்டுமா? இல்லை. 6 மி.மீ. அகல நாடாவால் சுமார் 16 மி.மீ. ஆரத்துக்குக் குறைந்த வளைவை அறுக்க முடியாது. அதற்கு மேல் திருப்பினால் நாடா முறுகி அறுந்துபோகும். அகலமான நாடாவுக்கு வளைவும் பெரிதாக வேண்டும்.

ரம்பம் தின்ற மரம்

ரம்பத்தின் பற்கள் ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் சற்றே சாய்ந்திருக்கும். அதனால் வெட்டு நாடாவின் கனத்தைவிட அகலமாக விழும். சுமார் 1 மி.மீ. என்று கொள்வோம். அவ்வளவு மரம் தூளாகிப் போகிறது. வீண்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளி இல்லாவிட்டால் இழுப்பறை நகரவே நகராது.

கணக்குப் பார்ப்போம். இழுப்பறையைச் சுற்றிலும் 1 மி.மீ. போய்விட்டது. ஆகவே குழி, இழுப்பறையைவிட 2 மி.மீ. உயரம் கூடுதல். நுழைந்த வெட்டைப் பசையிட்டு மூடும்போது, அந்தப் பக்கத்தில் 1 மி.மீ. குறைகிறது. எஞ்சிய இடைவெளி 1 மி.மீ. மழைக்காலத்தைத் தாங்க இது போதுமா?

மரம் ஏன் ஊதுகிறது?

மரம் என்பது நுண்ணிய குழல்களின் கற்றை. குழல்களின் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. செல்லுலோஸுக்கு நீர்மேல் பெரும் நாட்டம். காற்றில் ஈரம் கூடினால் நீர் மூலக்கூறுகள் சுவருக்குள் புகுந்து, செல்லுலோஸ் இழைகளை விலக்கிவிட்டு இடம் பிடித்துக்கொள்கின்றன. சுவர் தடிக்கிறது, மரம் ஊதுகிறது. காற்று உலர்ந்தால் நீர் வெளியேறும், மரம் சுருங்கும். மரம் வெட்டி நூறு ஆண்டு ஆனாலும் இந்தப் போக்குவரத்து நிற்பதில்லை.

எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரம் சேரும்வரை இப்படி ஊதும். இதை இழைத் தெவிட்டு நிலை என்பர். அதற்கு மேல் சேரும் நீர் குழல்களின் உட்புறத்தில் தேங்குமேயன்றி மரத்தைப் பெரிதாக்காது.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஊதுவதில்லை என்பதுதான் வியப்பு. தெவிட்டு நிலையிலுள்ள தேக்கை முற்றும் உலர்த்தினால், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 100க்குச் சுமார் 6 பங்கு சுருங்கும். ஆரத்தின் திசையில் சுமார் 2.5 பங்கு. இழை ஓடும் நீளத் திசையிலோ சுருக்கம் மிகமிகக் குறைவு.

30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் மரத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஈரம் நிலைக்கும். காற்றில் 80 விழுக்காடு ஆனால் மரத்தில் அது ஏறத்தாழ 16. வேறுபாடு 5. முழு 30க்கு 6 பங்கு ஊதும் என்றால் 5க்கு 1 பங்கு. அதாவது 10 செ.மீ. பலகை குறுக்குவாட்டில் 1 மி.மீ. பெருக்கும்! மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் இடிப்பது இதனால்தான்.

குழி பெரிதாகுமா, சிறிதாகுமா?

பெட்டி ஊதினால் அதன் குழி சிறுத்து இழுப்பறையை நெரித்துவிடாதா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு பலகைமீது ஒரு வட்டம் வரையுங்கள். பலகை ஊதினால் வட்டமும் பெரிதாகும் அல்லவா? அதே வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டாலும், சுற்றியுள்ள மரம் முன்போலவேதான் ஊதும். ஆகவே குழியும் பெரிதாகும்.

ஒரே கட்டைப் பெட்டியின் மேன்மை இங்கேதான் இருக்கிறது. குழியும் இழுப்பறையும் ஒரே மரம். இழைகளும் ஒரே திசை. இரண்டும் சேர்ந்து ஊதும், சேர்ந்து சுருங்கும். சாதாரண மேசையில் அப்படியில்லை. அதன் பக்கப் பலகையில் இழை மேல்கீழாக ஓடுவதால் குழியின் உயரம் மாறுவதில்லை. இழுப்பறைப் பலகையின் இழையோ குறுக்கே ஓடுகிறது. மழையில் அதன் உயரம் மட்டும் கூடுகிறது. அதனால் சிக்குகிறது.

அப்படியானால் நம் பெட்டிக்கு இடைவெளியே தேவையில்லையா? தேவை. இழுப்பறையை மட்டும் வெளியே எடுத்து, மழைச் சாரலடிக்கும் ஜன்னலோரம் வைத்துவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். இழுப்பறை ஊதும், பெட்டி ஊதாது. 6 செ.மீ. உயரமுள்ள தேக்கு இழுப்பறை 0.6 மி.மீ. பெருக்கும். நம் இடைவெளி 1 மி.மீ. ஆகவே உள்ளே போய்விடும். உயரம் 12 செ.மீ. ஆக இருந்தால்? 1.2 மி.மீ. பெருக்கும், நுழையாது. பெரிய பெட்டி செய்பவர் இடைவெளியைத் தேய்த்து அகலமாக்க வேண்டும். வீண் என்று நினைத்த 1 மி.மீ. மழைக்காலத்துக்காக ஒதுக்கி வைத்த இடம்!

செய்து பாருங்கள்

பெட்டியை அறுக்கும் வேலையைப் பழகிய தச்சரிடம் விட்டுவிடுங்கள். பட்டை ரம்பம் விரலையும் மரத்தையும் வேறுபடுத்திப் பார்க்காது. அருகில் நின்று பார்ப்பதானாலும் கண்ணாடியும் மூக்கை மூடும் துணியும் வேண்டும். நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு.

உங்களுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. உடைந்த பழப்பெட்டியின் மெல்லிய பலகையொன்றை எடுங்கள். இழையின் போக்கில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகளும், இழைக்குக் குறுக்கே அதே இடைவெளியில் இரண்டு புள்ளிகளும் ஊசியால் குத்துங்கள். பலகையை மூன்று நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். எந்தப் புள்ளிகள் விலகியிருக்கின்றன? நிழலில் உலர்த்தி மறுபடியும் அளங்கள். விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசு கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. கற்சிற்பத்தோடு மரச்சிற்பமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அடுத்த முறை ரதங்களைக் காணப் போகும்போது, அங்குள்ள பாறைகளில் வரிசையாக வெட்டிய சிறு குழிகளையும் தேடுங்கள். அத்தகைய குழிகளில் உலர்ந்த மர ஆப்புகளை அடித்து, நீரூற்றி ஊதச் செய்து பாறையைப் பிளப்பது பழைய முறை என்பார்கள். கதவை இடிக்க வைக்கும் விசைதான் அதுவும். அதை எதிர்த்து வெல்ல முடியாது, 1 மி.மீ. இடம்விட்டு அதனோடு ஒத்துப்போகலாம். நல்ல தச்சர் செய்வது அதைத்தான்.