சுவாசக் கவசத்தில் எண்ணும் எழுத்தும்

கருங்கல் உடைக்குமிடத்திலும் காரைச்சுவரைத் துளைக்குமிடத்திலும் வேலை செய்வோர் மூக்கையும் வாயையும் மூடி அணியும் சுவாசக் கவசங்களின்மேல் 'என்95', 'பி100' என்பன போன்ற குறிகள் காணப்படும். 95 என்று கண்டதும், தூசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தம்மை அணுகாது என்று பலர் நம்பிவிடுகின்றனர். அது தவறு. அந்த எண் வடிகட்டிக்கு உரியது, அணிந்தவருக்கு உரியதன்று.

இக்குறிகள் அமெரிக்க நாட்டில் 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அமைந்தவை. எழுத்து மூன்று, எண் மூன்று, ஆக ஒன்பது வகை. எழுத்து எண்ணெயைப் பற்றியது. 'என்' வகை எண்ணெய்த் துளிகள் கலந்த காற்றுக்கு ஆகாது. 'ஆர்' ஓரளவு தாங்கும். 'பி' நன்கு தாங்கும். எண் என்பது வடிகட்டி தடுக்கவேண்டிய துகளின் குறைந்த விழுக்காடு. 95, 99 ஆகியவை சொன்ன சொல்லில் நிற்பவை. 100 மட்டும் சற்றே மிகைப்பட்ட பெயர். அதன் உண்மை அளவு 99.97.

சோதனைக்குக் கொள்ளும் துகள் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கி மூன்றை எடுத்தால் வரும் அளவு. இதனினும் சிறியது எளிதில் புகுந்துவிடாதோ எனின், வடிகட்டி சல்லடை அன்று. பெரிய துகள் வளைந்து செல்லமாட்டாமல் இழையில் மோதி நிற்கும். மிக நுண்ணிய துகளோ காற்றின் மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு, அங்குமிங்கும் தடுமாறி இழையில் ஒட்டிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே தப்பிச் செல்வதில் வல்லது. ஆதலால்தான் அந்த இடைநிலை அளவை ஒட்டிச் சோதிக்கின்றனர்.

இனி, கவசம் முகத்தில் ஏறிய பின் நடப்பதைக் காண்போம். மூக்கின் ஓரத்தில் சிறு இடைவெளி இருப்பினும் காற்று வடிகட்டியை விட்டு அவ்வழியே புகும். இதனைக் கருதி அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2006இல் வேறோர் எண்ணை வகுத்தது. அதன்படி, பாதி முகத்தை மூடும் கவசத்தின் காப்பு மதிப்பு 10. அதாவது, வெளித்தூசியில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரக்கூடும் என்றே கொள்ளவேண்டும். என்95 ஆயினும் பி100 ஆயினும் அந்தப் பத்து மாறுவதில்லை. விலை மிகுந்த வடிகட்டி வாங்கியோர் இதை அறிந்தால் வியப்படைவர்.

கருங்கல் தூசியிலுள்ள சிலிக்காவுக்கு அந்நாட்டில் 2016இல் விதித்த எல்லை, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். எனவே பாதிமுகக் கவசம் 500 வரையில்தான் உதவும். தூசி 800 ஆனால், கவசம் அணிந்தும் தொழிலாளி எல்லைக்கு மேற்பட்ட அளவையே சுவாசிப்பார். சிலிக்கா நுரையீரலில் உண்டாக்கும் தழும்பை ஆற்ற மருந்தில்லை. ஆகவே, நீர் தெளித்தும் தூசியை உறிஞ்சியும் அதனை எழாமற் செய்வதே முதல் வேலை.

இறுகப் பொருந்தும் கவசத்தை ஆளுக்கு ஆள் முகத்தில் பொருத்திச் சோதிக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை மீண்டும் சோதிக்கவேண்டும். தாடி உள்ளவருக்கு அது பொருந்தாது. அவருக்கு, மின்விசிறியால் தூய காற்றைச் செலுத்தும் தளர்ந்த தலைமூடி உண்டு. அதன் மதிப்பு 25. சாயக் கரைப்பானின் ஆவியையோ நச்சு வாயுவையோ தூசி வடிகட்டி எதுவும் தடுக்காது. பிராணவாயு குறைந்த கிணற்றிலும் தொட்டியிலும் பி100கூடப் பயன்படாது.